லஞ்சம் கொடுக்காமல் பட்டா மாற்ற முடியுமா? மேலே இருப்பவர்களே வாங்கும்போது நாம் மட்டும் நேர்மையாக இருந்து என்ன பயன்?

முடியும். நான் மாற்றியிருக்கிறேன். தாலுகா அலுவலக வாசலில் யாரோ உங்களிடம் ஒரு தொகை சொல்லியிருப்பார்கள், வீட்டிலும் "கொடுத்துத் தொலை" என்றிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா காலமான பிறகு நானும் தங்கையும் நிலத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவுப் பட்டாவுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தோம். உட்பிரிவு என்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. போய்க் கேட்டால் "ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்பார்கள். அப்புறம் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாரைக் கொஞ்சம் கவனிச்சிடுங்க, இதுக்குன்னு ஒரு ரேட் இருக்கு" என்றார். சர்வேயர் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதுவும் காகிதத்தில் ஏறாதவரைதான் இவர்களுக்குத் தைரியம்.

அதனால் நான் காகிதத்தில் ஏற்றினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, அவர் பெயரும் பதவியும் என்ன, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற உத்தரவின் நகல். அவ்வளவுதான் கேட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாளில் பதில் தர வேண்டும்; காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலருக்குத் தகவல் ஆணையம் அபராதம் போடலாம். பதில் வருவதற்கு முன்பே சர்வேயர் எங்கள் வரப்பில் வந்து நின்றார். அளந்தார், கல் நட வேண்டிய இடத்தைக் காட்டினார், கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

"உனக்கு அவசரம் இல்லை, காத்திருந்தாய்" என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தை விற்க நிற்பவரிடம் போய் நான் உபதேசம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்கலாம். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவது இன்னும் நல்லது. பினாப்தலீன் என்ற ரசாயனப் பொடி தடவிய நோட்டை அவர்களே தயார் செய்து தருவார்கள். அதை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும்.

மேலே இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம்தான். ஜெயலலிதாவின் 1991–96 ஆட்சிக்காலச் சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2017 பிப்ரவரியில். அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், அவர் காலமாகிவிட்டார். இதைச் சொன்னதும் என்னை எதிர்க்கட்சிக்காரன் ஆக்கிவிடாதீர்கள், எந்தக் கட்சியிலும் நான் இல்லை. அரசு ஊழியர்மேல் வழக்கு நடத்த அரசே அனுமதி தர வேண்டும் என்ற விதி எந்த ஆட்சி வந்தாலும் இருக்கிறது. அது இருக்கும்வரை பெரிய ஆட்களுக்குப் பயம் வராது. அதற்காக என் அப்பா உழுத நிலத்துக்கு நான் ஜெராக்ஸ் கடையில் கப்பம் கட்ட வேண்டுமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வந்த பட்டாவில் அப்பா பெயரைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள். தப்பு அவர்களுடையது, ஆதார், பத்திர நகலோடு அலைவது நான். பெயர்த் திருத்தத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். இதற்கும் ஒரு ரேட் இருப்பதாக அதே ஆள் சொன்னார். அடுத்த தகவல் மனு எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை தபாலில் போகிறது.