வனவியல் படிக்க ஆசை, கையில் பணம் குறைவு: வாசகர் கேள்வி பதில்

காடு, நீர், மண், மீன்வளம் தொடர்பான பட்டப்படிப்புகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. இயற்கை வள மேலாண்மை படிக்க விரும்புகிறாள். இணையத்தில் தேடினால் தனியார் பல்கலைக்கழக விளம்பரங்கள்தான் வருகின்றன. கட்டணம் எங்களுக்கு எட்டாது. வேறு வழி உண்டா?
வாசகர், தேனி மாவட்டம்

உண்டு. தேடும் பெயரைத்தான் மாற்ற வேண்டும். 'இயற்கை வள மேலாண்மை' என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் அரசுக் கல்லூரிகள் இங்கே அரிது. அதே பாடங்கள் வேறு பெயர்களில் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வனவியல் நான்கு ஆண்டுப் படிப்பு. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சொந்த உறுப்புக் கல்லூரி. மீனும் நீர்நிலையும் பிடிக்குமென்றால் தூத்துக்குடி, பொன்னேரி போன்ற இடங்களில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்சி. என்கிற மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. கணிதம் படித்தவர்களுக்குக் கோவையிலும் திருச்சி குமுளூரிலும் பி.டெக். வேளாண் பொறியியல் இருக்கிறது. மண், நீர்ப் பாதுகாப்பு அதில் முக்கியப் பகுதி.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேவையில்லை. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொருந்தும். 2021இல் வந்த அந்தச் சட்டம் பொறியியலுக்கு மட்டுமல்ல. வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் உண்டு. இதில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. கூடவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. மாதம் 1,000 ரூபாய் உதவியோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் டிக் அடிப்பவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் இடத்தை இழக்கிறார்கள். நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

நான்கு ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? கல்லூரி இணையதளத்தில் ஒரு செமஸ்டர் கட்டணம் மட்டும் போட்டிருக்கிறார்கள்.
வாசகி, விருதுநகர்

அந்த ஒரு எண்ணை எட்டால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். முதல் செமஸ்டரில் காப்புத் தொகை, சேர்க்கைக் கட்டணம் போன்றவை சேர்வதால் அது மற்ற செமஸ்டர்களைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே முதல் செமஸ்டர், இரண்டாம் செமஸ்டர் இரண்டின் கட்டண விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வனவியல் போன்ற படிப்புகளில் குடும்பத்தைத் திணறவைப்பது பெரும்பாலும் கல்விக் கட்டணமல்ல, மெஸ் செலவு. மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்து மாதம், நான்கு ஆண்டுக்கு 1,60,000 ரூபாய். அடுத்தது களப்பயணம். காட்டுக்குள் பயிற்சி, வெளிமாநிலக் கல்விச் சுற்றுலா, இறுதியாண்டில் வனப்பணி அனுபவப் பயிற்சி எல்லாம் பாடத்திட்டத்திலேயே உள்ளவை. போகாமல் தேர்ச்சி கிடையாது. இவற்றில் எது கட்டணத்துக்குள் அடங்கும், எதற்கு மாணவர் கைக்காசு போட வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். அலுவலகத்தைவிட அவர் சரியாகச் சொல்வார்.

கழிக்க வேண்டியவை இனி. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் தொழிற்படிப்புகளில் இதே வருமான வரம்போடு உதவி உண்டு. குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரி சலுகை. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு திட்டங்களில் பணம் வாங்கவும் முடியாது.

பணம் வராமல் போவதற்குக் காரணம் அநேகமாகச் சின்ன விஷயம்தான். வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காது, அல்லது பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்கு செயலிழந்து கிடக்கும். ஏப்ரல் மாதத்திலேயே இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். முடிவு வந்த வாரத்தில் ஊரே அங்குதான் நிற்கும்.

இவையெல்லாம் போகக் குறையும் தொகைக்குக் கடன் கேட்பதென்றால், கல்விக் கடனில் 4 லட்சம் வரை உங்கள் பங்காக முன்பணம் போட வேண்டாம்; 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. முழுச் செலவுக்கும் கடன் வாங்காமல், விடுபடும் தொகைக்கு மட்டும் வாங்குங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இடம் கிடைக்காவிட்டால்?
வாசகர், சேலம்

வெளிமாநில அரசுக் கல்லூரிகளைப் பாருங்கள். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி திருச்சூர் வெள்ளானிக்கரையில் இருக்கிறது. கர்நாடகத்தில் சிர்சி, பொன்னம்பேட்டை, தெலங்கானாவில் முலுகு, இமாசலத்தில் சோலன் அருகே நௌனி. மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் இளநிலை இடங்களில் 20 சதவீதத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆர். அகில இந்திய அளவில் நிரப்புகிறது. அதற்கு க்யூட் (CUET) என்கிற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. க்யூட் விண்ணப்பத்தில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது, ஐ.சி.ஏ.ஆர். ஏற்கும் பாடச் சேர்க்கையைப் பார்க்காமல் போவது ஒன்று. வனவியலுக்கு எந்தச் சேர்க்கை செல்லும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துவிட்டே டிக் அடியுங்கள். திருத்த அவகாசம் முடிந்தபின் மாற்ற வழியில்லை. இன்னொன்று, தேர்வு எழுதியதோடு இருந்துவிடுவது. முடிவு வந்தபின் ஐ.சி.ஏ.ஆர். கலந்தாய்வு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, கல்லூரி விருப்பப் பட்டியல் தர வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்தும் இந்தப் பதிவைத் தவறவிட்டவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள், பாவம்.

இந்த வழியில் வெளிமாநிலம் போகிறவர்களுக்கு ஐ.சி.ஏ.ஆர். தேசியத் திறன் உதவித்தொகை தருகிறது. சொந்த மாநிலத்துக்குள் சேர்ந்தால் அது இல்லை. ரயில் செலவையும் இந்த உதவித்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம், போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனம் இரண்டையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டும் பட்டம் முடித்தபின் போகும் இடங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு வனவியல் பட்டப்படிப்புக்கு அங்கே தேட வேண்டாம்.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இருக்கிறது. விலங்கியலும் இருக்கிறது. ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப் பணித் தேர்வு எழுதுவதுதான் லட்சியம். எதில் சேரலாம்?
மாணவர், தருமபுரி

விலங்கியலில் சேருங்கள். கட்டணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். இந்திய வனப் பணித் தேர்வுக்கு எல்லாப் பட்டமும் செல்லாது. கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல் என்கிற ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் பாடமாக இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியலில் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஜியாகிரபி என்கிற புவியியலும் இல்லை. மூன்று ஆண்டு படித்து முடித்தபின் யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

மாநிலப் பணி வேறு. டி.என்.பி.எஸ்.சி. வனத் தொழில் பழகுநர் தேர்வில் ஏற்கும் பாடங்களின் பட்டியல் நீளமானது. சுற்றுச்சூழல் அறிவியலும் அதில் வரும். ஆனால் வனவியல் பட்டதாரிகளுக்கு அங்கே முன்னுரிமை. ஒரு பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், நீங்கள் விரும்பும் வேலையின் கடந்த அறிவிப்பை இறக்கி, கல்வித் தகுதிப் பத்தியில் உங்கள் பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 'அதற்கு இணையானது' என்று கல்லூரிக்காரர்கள் வாயால் சொல்வது சரிபார்ப்பு மேசையில் செல்லாது.

செலவைப் பார்த்தாலும் அரசுக் கலைக் கல்லூரிதான் எல்லாவற்றிலும் மலிவு. இளநிலைப் படிப்புக்கு அங்கே டியூஷன் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வர முடிந்தால் மெஸ் செலவும் மிச்சம்.

வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் வேளாண்மை, வனவியல் படிக்கலாமா? ஒரு மையத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.
வாசகர், திருப்பூர்

பணம் கட்டாதீர்கள். வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டங்களைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. விதிகளில் அனுமதி இல்லை. நர்சரியும் மண் ஆய்வகமும் காடும் இல்லாமல் வனவியல் படிப்பும் இல்லை. ஏற்கெனவே ஏதாவது பட்டம் வைத்திருந்தால், இக்னோவில் சுற்றுச்சூழல் மற்றும் நிலைத்த வளர்ச்சி முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, அது முறையானது.

நேரடிக் கல்லூரியிலும் ஓர் எச்சரிக்கை. ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இல்லாத தனியார் கல்லூரியில் வேளாண் சார்ந்த பட்டம் வாங்கினால், பின்னால் ஐ.சி.ஏ.ஆர். வழியாக முதுநிலை சேர முடியாது. அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்று தேதியோடு கேளுங்கள்.

ஜெர்மனியில் கட்டணமே இல்லையாமே?
மாணவி, நாகர்கோவில்

பெரும்பாலான மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை என்பது உண்மை. ஆனால் வனவியலுக்குப் பேர்போன ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 குளிர்காலப் பருவம் முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு, மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். இந்தியப் பிளஸ் டூ மட்டும் வைத்திருப்பவர்கள் பொதுவாக நேரே சேர முடியாது. ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு படிக்க வேண்டும், அல்லது இங்கே பட்டப்படிப்பில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும். உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். இங்கே அரசுக் கல்லூரியில் பட்டம் முடித்து, முதுநிலைக்குப் போவதே செலவுக்கு ஏற்றது.

அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. காடு, நீர் சார்ந்த வேலைக்கு இப்போதே என்ன சேர்த்துப் படிக்கலாம்?
மாணவி, திருவண்ணாமலை

முதலில் ஜி.ஐ.எஸ்., அதாவது இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை. அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஓடும். இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் ஐ.ஐ.ஆர்.எஸ். தொலையுணர்வு, ஜி.ஐ.எஸ். பற்றிய இணைய வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்திச் சான்றிதழ் தருகிறது. உங்கள் கல்லூரி அதில் ஒரு மையமாகப் பதிவு செய்திருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். பதிவு செய்யாவிட்டாலும் தனியாகச் சேரும் வசதி பல வகுப்புகளுக்கு உண்டு. கற்றதை உடனே பயன்படுத்துங்கள்: உங்கள் ஊர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியை வரைபடமாக்கி, பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டாகக் கொடுங்கள். நேர்காணலில் மேசைமேல் வைக்க அது ஒன்று கையில் இருக்கும்.