யாரிடம் சொல்வது?

அன்புள்ள ஐயா,

என் தந்தை சிறுநீரகக் கோளாறுக்காக எங்கள் பகுதியின் பெரிய மருத்துவமனை ஒன்றில் மூன்று வாரம் இருந்தார். மருத்துவர்களும் செவிலியர்களும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனாலும் எல்லாம் தாமதமாயிற்று. காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு மறுநாள்தான் கேஸ் ஷீட்டில் ஏறியது. கேமரா வைத்து, விரல்ரேகை வருகைப்பதிவை இறுக்கி, வேலை செய்யாதவர்களை இடம் மாற்றினால் சரியாகுமா? இல்லை, தனியாரிடம் கொடுத்தால்தான் உண்டா?

வாசகர், நீடாமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தை விரைவில் தேறி வரட்டும். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிறவர்களைக் கேமரா இன்னும் வேகமாக ஓடவைக்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்கு வந்து சேரும் வழியை அது சீர்செய்யாது.

நான்காண்டுகளுக்கு முன் என் அம்மாவுடன் டெல்டாவின் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் தங்கினேன். கடைசி நாள் காலை ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸ் வந்த பெரிய மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் கிளம்பும்போது மாலை நாலரை. டிஸ்சார்ஜ் சீட்டு எழுத வேண்டிய இளம் மருத்துவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் எழுதுவதில்லை என்பது அந்த வார்டின் வழக்கம். அவர் வந்து எழுதியபோது கையெழுத்திட வேண்டியவர் இல்லை. கையெழுத்து கிடைத்தபோது மருந்து கொடுக்கும் ஜன்னல் மூடியிருந்தது. அந்த ஏழு மணி நேரமும் அம்மாவின் கட்டிலுக்காக ஒரு பெண் பக்கத்திலேயே பாயில் படுத்திருந்தார். அவருக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலை அவருடைய மகன் உயர்த்திப் பிடித்து, கை கடுத்தபோதெல்லாம் மறுகைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். சிஸ்டரிடம் கேட்டேன். "தினமும் இப்படித்தான் சார். யார்கிட்ட சொல்றது?" என்றார்.

மருத்துவமனை நிர்வாகம் பற்றிய எல்லாப் பேச்சும் அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது என்பது என் எண்ணம். குறையைக் கண்ணால் பார்க்கிறவர் அதை அச்சமின்றிச் சொல்ல ஓர் இடமும், கேட்டவர் குறித்த நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாத இடத்தில், புதுக் கட்டடமும் கணினியும் வந்தாலும் அந்தக் கட்டில் காலியாவதற்கு மாலை நாலரை ஆகத்தான் செய்யும். உங்கள் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கே மதகைத் திறந்தவருக்குக் கடைமடையில் பயிர் காய்வது தானாகத் தெரியாது. கடைமடைக்காரர் சொன்னால்தான் தெரியும். வார்டுதான் மருத்துவமனையின் கடைமடை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதே மாதிரியான பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் கட்டாயமாக்கிய பின், 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வு, குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. ஒரே மாதிரியான தாளிலிருந்து இரண்டு விதமான பலன் வந்ததற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குப் படுவது, ஆணையாக வந்த தாளில் டிக் போட்டுவிடலாம், ஆனால் "டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று ஒரு நர்ஸ் சொல்லும் உரிமையை ஆணையால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது என்பதுதான். அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். ரத்தக்குழாயில் செருகும் மையக் குழாய்க்கு ஐந்தே விதிகள். மீறப்பட்டால், அவசர நிலை தவிர, செவிலியர் நிறுத்தலாம். கிருமித்தொற்றுக் கணக்கு தவறாமல் அந்தந்தப் பிரிவுக்கே திரும்பி வந்தது. பதினெட்டு மாதங்களில் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது.

தனியாரா அரசா என்பது இதற்கு அடுத்த கேள்விதான். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அரசுடையது அன்று. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார்செய்யும் ஒழுங்கால் மருத்துவரின் நேரம் அங்கே வீணாவதில்லை. அரசின் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமோ 1994இல் உருவாக்கப்பட்டு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. என்ன மருந்து வேண்டும் என்பதை நோயாளியைப் பார்க்கிற இடமே முடிவு செய்தது. பிரசவகால மரணம் ஒவ்வொன்றையும் ஆராய்கிற வழக்கமும் நம் மாநிலத்தில் நெடுநாளாக இருக்கிறது. வீட்டில் முடிவெடுப்பதில் தாமதமா, வண்டியிலா, மருத்துவமனைக்குள்ளா என்று அங்கே கேட்கிறார்கள். ஆனால் விசாரணை தண்டனையாக மாறும் என்ற அச்சம் நுழைந்துவிட்டால், கேஸ் ஷீட்டில் நேரங்கள் திருத்தப்படும்; பிறகு எந்த ஆய்வாலும் பயனில்லை.

ஆளே போதாத வார்டில் இவை எதுவும் நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரவில் நாற்பது நோயாளிக்கு ஒரே செவிலியர் இருந்தால், டியூட்டி மாறும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று அடுத்தவரிடம் ஒப்படைக்க அவருக்கு நேரம் ஏது?

அந்த மூன்று வாரத்தில் நீங்கள் பார்த்தவற்றை எழுதிக் கொடுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். ரத்தம் எடுத்த மணி, முடிவு வந்த மணி, மருத்துவர் அதைப் பார்த்த மணி, இவை போதும். ஒரு பிரதியை மருத்துவக் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுங்கள், இன்னொன்றை அந்த வார்டின் சிஸ்டரிடமும் கொடுங்கள்.

அன்புடன்.