போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை: வடசென்னை வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டை. கெட்டுப்போன நிலத்தடி நீரை உள்ளேயே ரசாயனம் செலுத்திச் சுத்தம் செய்யலாம் என்கிறார்களே, நடக்குமா சார்?

பதில்: நடக்கும். 2013-இல் உங்கள் பகுதி போர்களில் பெட்ரோலிய எண்ணெய் வந்தது நினைவிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் முதலில் கசிவை அடைக்க வேண்டும். நீர்மேல் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம்தான் மருந்து. ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்சல்பேட் போன்றவற்றைத் துளைகள் வழியே இறக்கினால், தண்ணீரில் கரைந்திருக்கும் பென்சீன் என்ற பெட்ரோல் நச்சு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் உடையும்.

சிக்கல் மண்ணில் இருக்கிறது. மருந்து அழுக்கைத் தொட்டால்தான் வேலை செய்யும். மணலில் சுலபமாகப் பரவும். களிமண்ணுக்குள் ஊறிய எண்ணெயை எட்டாது. முதல் பரிசோதனை அறிக்கை பிரமாதமாக வரும். சில மாதத்தில் களிமண்ணிலிருந்து கசிந்து வந்து அளவு மறுபடி ஏறும். எனவே ஒரே அறிக்கையைக் காட்டி ‘முடிந்தது’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிய அளவுகளைக் கேளுங்கள்.

கேள்வி: அதே மருந்தை நானே வாங்கி வீட்டு போரில் ஊற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பெராக்சைடு எண்ணெயோடு சேர்ந்தால் சூடும் வாயுவும் கிளம்பும். மூடிய குழாய்க்குள் அது ஆபத்து. கடையில் கிடைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பென்சீனை அசைக்காது. தண்ணீர் ரோஸ் நிறமாவதுதான் மிச்சம்.

கேள்வி: பக்கத்து மனையில் முன்பு முலாம் பூசும் பட்டறை இருந்தது. குரோமியத்துக்கும் இதே வைத்தியமா?

பதில்: நேர் எதிர் வைத்தியம். குரோமியம் தனிமம், உடைக்க முடியாது. நீரில் கரைந்து ஓடும் நச்சு வடிவத்தை ஃபெரஸ் சல்பேட் போன்றவை கரையாத வடிவமாக்கி மண்ணோடு படியவைக்கும். அங்கே போய்ப் பெராக்சைடையோ பெர்சல்பேட்டையோ செலுத்தினால் படிந்த குரோமியமும் மீண்டும் கரைந்து வரலாம். என்ன கலந்திருக்கிறது என்று பரிசோதிக்காமல் மருந்து பேசும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மீஞ்சூர் பக்கம். எங்கள் உப்புத் தண்ணீருக்கு?

பதில்: இதற்கு ரசாயனம் கிடையாது. அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்தது. இறைப்பதைக் குறைத்து, மழைநீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும். வருடக்கணக்கில் ஆகும்.

கேள்வி: பெட்ரோல் வாடை அடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும். உலோகம் அப்படியே நிற்கும். பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், அடுப்பில் நிற்பவர்தான் அதைச் சுவாசிப்பார். லாரித் தண்ணீர் வரத் தாமதமானாலும் குளிக்கக்கூட அந்த போரைத் தொடாதீர்கள்.