மச்சினன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ஆப்பிள் வாட்சில் ரத்த ஆக்சிஜன் மட்டும் வேலை செய்யவில்லை. பெயர் தெரியாத ஒரு கம்பெனி கேஸ் போட்டதால்தான் என்கிறார்கள். இது நியாயமா?

முதலில் மச்சினனைத் திட்டுவதை நிறுத்துங்கள். வாட்ச் போலி இல்லை, செகண்ட் ஹேண்டும் இல்லை.

அப்பாவுக்காக வாங்கிய சீரிஸ் 9 என்றும், ஆக்சிஜன் ஆப்பைத் தொட்டால் ‘இனி கிடைக்காது’ என்று வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய் மாடல் நம்பரைப் பாருங்கள். கடைசியில் எல்டபிள்யூ/ஏ என்று இருக்கும். 2024 ஜனவரி 18 முதல் அமெரிக்காவில் ஆப்பிள் விற்ற சீரிஸ் 9, அல்ட்ரா 2 இரண்டிலும் அந்த வசதியை சாஃப்ட்வேரில் பூட்டிவிட்டார்கள். சென்சார் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. அதே வாட்சை அதே நாளில் சென்னையில் வாங்கியிருந்தால் அளவு காட்டியிருக்கும். அமெரிக்காவில் விலை குறைவு என்று சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்த பாவம், அவ்வளவுதான்.

கேள்விக்குப் பதில் இத்தோடு முடிந்தது. ‘பெயர் தெரியாத கம்பெனி’ என்று போட்டிருக்கிறீர்களே, மீதியை எழுத வைத்தது அந்த வார்த்தைதான்.

நான் பயோமெடிக்கல் ஆள். பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரி மெஷின்களோடுதான் குடித்தனம். கேஸ் போட்டது மாசிமோ, ரத்த ஆக்சிஜன் அளக்கும் மெஷின் செய்கிற கம்பெனி. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் ட்யூட்டி பார்க்கும் சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். 1989-ல் ஜோ கியானி என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. வாட்ச் விற்கிறவர்களுக்கு ஆக்சிஜன் பத்தோடு பதினொன்றாக ஒரு வசதி. இவர்களுக்கு அதுதான் பிழைப்பே.

(ஆப்பிள் ரசிகர்கள் கிளம்பி வர வேண்டாம். என் வீட்டிலும் ஐபோன்தான், மாதத் தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.)

இருட்டில் டார்ச் மேல் விரலை வைத்தால் விரல் முழுக்கச் சிவப்பாக எரியும். சின்ன வயதில் எல்லோரும் விளையாடியதுதான். ரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. 660 நானோமீட்டரில் ஒரு சிவப்பு ஒளி, 940-ல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகமாக விழுங்கும், ஏறாத ரத்தம் சிவப்பை அதிகமாக விழுங்கும். நாடி துடிக்கும்போது மாறுகிற பகுதியை மட்டும் எடுத்து, இரண்டுக்கும் விகிதம் போட்டால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பது, வந்துவிடும். ஜப்பானில் நிஹான் கோடன் கம்பெனியின் டகுவோ அயோயாகி 1974-லேயே இந்த வழியைச் சொல்லிவிட்டார்.

ஆனால் இதெல்லாம் ஆள் அசையாமல் படுத்திருந்தால்தான். கையை ஆட்டினால் சிரை ரத்தமும் சேர்ந்து குலுங்கும். அதையும் நாடி என்று நினைத்து மெஷின் ஏமாந்துபோகும், அலாரம் அடிக்கும். ஆட்டத்தின் நடுவே நிஜமான நாடியைப் பிரித்தெடுக்கிற கணக்கைப் போட்டுத்தான் மாசிமோ பேர் வாங்கியது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் 2012-ல் ஒரு ராத்திரி அந்த அலாரத்தோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தென்மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பச்சிளங்குழந்தைகள் வார்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டரிடமிருந்து ஃபோன். “தம்பி, மானிட்டர் சும்மா சும்மா கத்துது, வந்து பாருங்க.” போய்ப் பார்த்தால் மானிட்டரில் ஒரு கோளாறும் இல்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை, நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்திருந்தார்கள். பாதத்தில் சுற்றியிருந்த சென்சாருக்குள் அந்த வெளிச்சம் புகுந்துகொண்டிருந்தது. போதாததற்குக் குழந்தை சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் ஒயர் இழுபட்டு, 97 என்று காட்டுவது 81-க்கு இறங்கும், அலாரம் அடிக்கும், சிஸ்டர் ஓடி வருவார். பக்கத்து நாற்காலியில் அந்தக் குழந்தையின் பாட்டி, ஒவ்வொரு அலாரத்துக்கும் “முருகா” என்று எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். கறுப்புக் குடைத்துணி இரண்டு மடிப்பு, நடுவில் மெல்லிய ஸ்பாஞ்ச், ஓரத்தில் வெல்க்ரோ. வெளிச்சத்தை மறைக்க ஏதாவது வைத்துச் சுற்றுங்கள் என்று மேனுவலிலேயே போட்டிருப்பான், அதில் என் பங்கு ஒன்றுமில்லை. நான் யோசித்தது வேறு. குதிகாலைச் சுற்றி ஒரு நாக்கு மாதிரி துணியை நீட்டி, ஒயரை அதற்குள் ஒரு வளையமாக விட்டுத் தைக்கச் சொன்னேன். குழந்தை உதைத்தால் இழுப்பு அந்த வளையத்தோடு நின்றுவிடும், சென்சார் வரை போகாது. ஒன்றுக்கு நாற்பது ரூபாய் வாங்கினார். நாலாவது பீஸில்தான் அளவு சரியாக வந்தது. சிஸ்டர்கள் அதற்கு ‘குடை சாக்ஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாலூட்டும்போதுகூடக் கழற்றத் தேவையில்லை என்று இன்னும் ஆறு கேட்டு வாங்கினார்கள்.

சில மாதம் கழித்து, மானிட்டர் சப்ளை செய்த ஒரு கம்பெனியின் ஏரியா மேனேஜர் வார்டுக்கு வந்தார். பெயர் சொல்லப் போவதில்லை, கமென்ட்டில் கேட்காதீர்கள். “சார், இது யார் ஐடியா?” என்றார். பெருமையாகச் சொன்னேன். நாக்கு ஏன், வளையம் ஏன் என்று டீ வாங்கிக் கொடுத்து வகுப்பே எடுத்தேன். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஃபோட்டோ எடுத்தார், சாம்பிளுக்கு என்று ஒரு பீஸையும் வாங்கிப் போனார். 2014-ல் புது கேட்லாக் வந்தது. கறுப்புக்குப் பதில் கடல்நீலம், மற்றபடி அதே நாக்கு, அதே வளையம். விலை ஆயிரத்து நானூறு. எங்கள் ஆஸ்பத்திரியே பத்து ஆர்டர் போட்டது. பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆதாரம் எங்கே என்பீர்கள். இல்லை. ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1600 ரூபாய்தான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதோடு, வார்டில் எல்லோர் கண்ணிலும் பட்ட பொருளுக்குப் பிறகு போய் உரிமை கேட்டாலும் ‘புதுமை’ போய்விட்டது என்று சொல்லிவிடுவார்களாம். வேறு ஊரில் வேறு ஒருவருக்கும் அதே யோசனை தானாக வந்திருக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த ஃபோட்டோ எதற்கு?

இப்போது வாட்ச் கதைக்கு வருகிறேன். மாசிமோ சொல்வது இதுதான்: 2013-ல் ஆப்பிள் சேர்ந்து வேலை செய்யலாம் என்று பேச வந்தது, அதே வருஷம் மாசிமோவின் தலைமை மருத்துவ அதிகாரி மைக்கேல் ஓ’ரைலி ஆப்பிளுக்குப் போனார், 2014-ல் சகோதர நிறுவனமான செர்காகோரின் தொழில்நுட்பத் தலைவர் மார்செலோ லமேகோவும் போனார், 2020 செப்டம்பரில் சீரிஸ் 6 ஆக்சிஜன் வசதியோடு கடைக்கு வந்தது. நாங்களே உருவாக்கியது, எதையும் திருடவில்லை என்பது ஆப்பிளின் வாதம். ஆப்பிளுக்கும் நியாயம் செய்ய வேண்டும், அதனால் இதையும் சொல்கிறேன்: வியாபார ரகசியத்தைத் திருடினார்கள் என்ற வழக்கில் 2023-ல் ஜூரி ஒருமனதாக முடிவெடுக்க முடியாமல் கலைந்தது, ஏழு பேரில் ஆறு பேர் ஆப்பிள் பக்கம். அந்த இடத்தில் நான் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன், என் சலான் ஞாபகம் வந்துவிட்டது.

மாசிமோ ஜெயித்தது வேறு கதவு வழியாக. 2021-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்துக்குப் போனது. இந்த ஆணையம் நஷ்டஈடு வாங்கித் தராது. காப்புரிமையை மீறிய பொருள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று இறக்குமதியைத் தடுக்கும். ஆப்பிள் வாட்ச் வெளிநாட்டில் தயாராகி வருவதுதானே, பிடி சரியாக விழுந்தது. 2023 அக்டோபரில் தடை உத்தரவு வந்தது. அதை ரத்து செய்ய அமெரிக்க அதிபர் தரப்புக்கு அறுபது நாள் அவகாசம்; ரத்து செய்யவில்லை. டிசம்பர் 26 முதல் தடை அமலானது. இரண்டு நாள் முன்பே ஆப்பிள் தன் கடைகளில் விற்பனையை நிறுத்தியிருந்தது, அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்தில். மேல்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது, அதுவும் ஜனவரியில் முடிந்தது. வேறு வழியில்லாமல் வசதியைப் பூட்டி விற்றார்கள். உங்கள் மச்சினன் வாங்கியது அந்தச் சரக்கு.

ஆப்பிளும் சும்மா இருக்கவில்லை. மாசிமோவின் வாட்ச் தன் டிசைனை மீறுகிறது என்று டெலவேரில் எதிர்வழக்குப் போட்டு 2024 அக்டோபரில் ஜெயித்தது. கிடைத்த நஷ்டஈடு 250 டாலர். ஆமாம், இருநூற்று ஐம்பது. பிறகு 2025 நவம்பரில் கலிஃபோர்னியா ஜூரி இன்னொரு காப்புரிமைக்காக ஆப்பிள் 63 கோடியே 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. மேல்முறையீடு செய்வோம் என்று ஆப்பிள் சொன்னது. கியானியின் கதைதான் பரிதாபம். ஊர் உலகத்தோடு சண்டை போட்டவரை, 2024 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு போர்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். உடனே தலைமைப் பதவியையும் ராஜினாமா செய்தார்.

ஆக ‘நியாயமா’ என்றால், நான் நடுநிலையான ஆள் இல்லை. எல்லாக் காப்புரிமையும் புனிதம் என்று சொல்லவும் மாட்டேன், மருந்து விலையில் அது செய்கிற அட்டூழியம் தெரியும். ஆனால் பெரிய கம்பெனி டீ குடிக்க வந்து பேசிவிட்டுப் போன பிறகு, கையில் தாள் வைத்திருந்த ஒருவன் அதை நீட்டினான் என்று படித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

இன்னொன்று, சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு மரியாதை, சிஸ்டருக்கு மரியாதை, ஃபார்மசிக்காரருக்குக்கூட மரியாதை. எங்களுக்கு மட்டும் ‘மெக்கானிக்’. வென்டிலேட்டர் காலிபரேஷன் செய்துகொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, சேர்மன் ரூம் ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது, பாருங்கள் என்றார்கள். பார்த்தேன், சரியும் செய்தேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

உங்கள் வாட்சுக்கு ஒரு வழி இருக்கலாம். 2025 ஆகஸ்டில் பூட்டிய மாடல்களுக்காக ஆப்பிள் மாற்று ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. வாட்ச் ஒளியை மட்டும் அளக்கும், கணக்கை ஐபோன் போடும், முடிவு ஹெல்த் ஆப்பில் சுவாசம் பகுதியில் வரும். வாட்சில் தெரியாது. ஐபோனில் ஐஓஎஸ் 18.6.1, வாட்சில் வாட்ச் ஓஎஸ் 11.6.1, அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இது இறக்குமதித் தடைக்குள் வராது என்று அனுமதி கொடுத்த அமெரிக்கச் சுங்கத் துறை மேலேயே மாசிமோ வழக்குப் போட்டது, அது தனிக் கதை.

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் வாட்சை நம்பாதீர்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. விரலில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்குங்கள், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள், அரை நிமிஷம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். நம்மைப் போலக் கறுத்த தோலில் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிற பழக்கம் அதற்கும் உண்டு. அதனால் 94, 95 என்று காட்டினாலும் ஆள் திணறினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வாட்சை அப்டேட் செய்வதை மச்சினன் ஊருக்குத் திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள். வாட்ச் அப்பாவுடையதாக இருந்தாலும் ஆப்பிள் ஐடி மச்சினன் பெயரில்தான் இருக்கும்.