ஏழே மூவ்ல மேட், தப்பு எந்த மூவ்ல?

கேள்வி: எங்க பொண்ணுக்கு 9 வயசு, ஏற்காட்டுல இருக்கோம். போன ஞாயித்துக்கிழமை சேலத்துல 10 வயசுக்குட்பட்டவங்க செஸ் போட்டியில, எப்பவும் கப்பு வாங்குற ஒரு பையன்கிட்ட ஏழே மூவ்ல தோத்துட்டா. இவளும் நிறைய கப்பு வாங்கினவதான். பஸ்ஸு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரைக்கும் அழுதுட்டே வந்தா. "ராணி சும்மா கிடைச்சுதும்மா, அதான் வெட்டினேன்"ங்கறா. ஸ்கோர் ஷீட் அனுப்பியிருக்கேன், எங்க தப்பு?
- ஒரு அம்மா, ஏற்காடு

பதில்: ஷீட்டைப் பார்த்தேங்க. ஆறாவது வரி வரைக்கும் எழுத்து அழகா இருக்கு, ஏழாவது வரியில பென்சில் அழுத்தி பேப்பரே லேசா கிழிஞ்சிருக்கு, அதைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

கேம் இதுதான், பையன் வெள்ளை, கட்டத்தோட பேரை மட்டும் சொன்னா அங்க போறது சிப்பாய். பையன் இ4, பாப்பா இ5. குதிரை எஃப்3, டி6. பிஷப் சி4, பிஷப் ஜி4. குதிரை சி3, ஜி6. இப்ப அவன் எஃப்3 குதிரையால இ5 சிப்பாயை வெட்டுறான், பின்னாடி ராணி தொறந்து கிடக்கு, பாப்பா பிஷப்பால ராணியை வெட்டிட்டா. உடனே அவன் பிஷப் எஃப்7ல செக், ராஜா இ7க்குத்தான் போக முடியும், குதிரை டி5, மேட். இ6, இ8 ரெண்டையும் அந்த பிஷப் பிடிச்சிருக்கு, எஃப்6 டி5 குதிரை கையில, டி7க்கும் பிஷப்புக்கும் காவல் இ5 குதிரை, மிச்ச கட்டத்துல எல்லாம் பாப்பாவோட சொந்தக் காயே வழியை அடைச்சிட்டு நிக்குது.

இதுக்குப் பேரு லெகால் மேட். 18ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஆடின லெகால், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் பிலிடோருக்கே குரு, அவர் பேர்ல வந்தது.

எல்லாரும் ராணியை வெட்டினதுதான் தப்புன்னு சொல்லுவாங்க. தோத்தது அந்த மூவ்லதான், வெட்டாம டி6 சிப்பாயால இ5 குதிரையை எடுத்திருந்தா அவன் ராணி ஜி4 பிஷப்பை எடுக்கும், ஒரு சிப்பாய்தான் நஷ்டம், கேம் ஓடிட்டே இருக்கும். ஆனா எனக்கு மனசு நிக்கிறது நாலாவது மூவ் ஜி6 மேலதான். குதிரை ரெண்டும் வீட்டுலயே நிக்குது, இவ சிப்பாயை நகர்த்துறா. அந்த இடத்துல குதிரை சி6 வந்திருந்தா, அவன் இ5ல வெட்டினதும் அந்தக் குதிரையே திருப்பி வெட்டும், ஜி4 பிஷப்புக்கும் காவல் ஆயிடும், அவனுக்கு ஒரு காய் போச்சு. குதிரை எஃப்6 வந்திருந்தாலும் கடைசியில டி5க்கு வர்ற குதிரையை அது வெட்டிடும், மேட்டே கிடையாது.

தயவுசெஞ்சு சரியான மூவைச் சொல்ற கம்ப்யூட்டர் இன்ஜினை உடனே போடாதீங்கம்மா. போர்டுல நாலாவது மூவ் வரைக்கும் வச்சிட்டு பாப்பாவை வெள்ளைப் பக்கம் உக்கார வைங்க. ராணியைக் குடுக்கிற மூவை அவளே கண்டுபிடிக்கட்டும், அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல, நீங்க வாயைத் தொறக்காதீங்க.

கேள்வி: ஆனந்த் 6 மூவ்ல தோத்தார்னு எங்க கோச் சொல்றாரு, நிஜமாங்க?
- பத்தாங்கிளாஸ் மாணவன், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நிஜம்தான் தம்பி. 1988, சுவிட்சர்லாந்துல பீல் நகரம், எதிர்ல வெள்ளைக் காய் வச்சு ஆடினது கொலம்பியாக்காரர் சபாட்டா. ஆனந்துக்கு 18 வயசு, அதுக்கு முந்தின வருஷம்தான் உலக ஜூனியர் சாம்பியன் ஆனவரு. பெட்ராஃப்ங்கிற ஓபனிங், இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை எஃப்6, குதிரை இ5ல வெட்டுது, டி6, குதிரை எஃப்3க்குத் திரும்புது, கறுப்புக் குதிரை இ4ல வெட்டுது, குதிரை சி3, அப்ப ஆனந்த் பிஷப் எஃப்5 போட்டாரு. 1987ல கிராண்ட்மாஸ்டர்கள் மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடின கேம்ல இதே மூவ் வந்து டிரா ஆயிருந்துச்சு. சபாட்டா ராணி இ2, ஆனந்த் ரிசைன். இ4 குதிரைக்குப் பின்னாடி ராஜா நிக்கிறதால அது நகர முடியாது, அடுத்து டி3 வந்தா குதிரை போச்சு. ராணி இ7 போட்டுக் காப்பாத்தலாமேன்னு தோணும், போட்டா குதிரை டி5க்கு வந்து ராணியை விரட்டும், சி7ஐயும் பார்க்கும், ராணி ஒதுங்கினதும் அதே டி3 தான்.