பெயரைக் கேட்கவில்லை, அப்புறம் என்ன பயம்?

கேள்வி: போட்டோவை அழகுபடுத்தும் செயலி ஒன்றை இறக்கினேன். திறந்ததுமே தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக் மூன்றுக்கும் அனுமதி கேட்டது. மறுத்தால் வேலை செய்யாதோ என்று எல்லாவற்றுக்கும் சரி கொடுத்துவிட்டேன். பிரச்சினை வருமா?

பதில்: போட்டோவைத் திருத்த போட்டோ போதும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்பதெல்லாம் அதற்கு எதற்கு? 2013-ல் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், போனை டார்ச்சாக மாற்றும் ஓர் இலவச ஆண்ட்ராய்டு செயலி மீது நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கில் இறக்கப்பட்ட செயலி அது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே போன் இருக்கும் இடத்தையும் போனின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சம்மதமா என்று திரையில் கேட்டதற்குப் பயனர் பதில் சொல்லும் முன்பே தகவல் போய்விட்டிருந்தது.

சரி, இப்போது போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பெயரைத் தேடி மூன்று அனுமதிகளையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வழக்கம்போல ஓடும். அனுமதி இல்லாமல் திறக்கவே மறுத்தால் நீக்கிவிட்டு வேறு தேடுங்கள். வழிகாட்டும் வரைபடத்துக்கு இருப்பிடம் வேண்டும்தான், அதற்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள். வானிலை பார்க்கத் தோராயமான இடம் போதும்.

தொடர்பு எண்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அவை உங்கள் போனில் இருந்தாலும் உங்களுடையவை இல்லை. அதில் அக்காவின் எண் இருக்கும், மருத்துவரின் சொந்த எண் இருக்கும், "வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே" என்று தோழி தந்த புது எண்ணும் இருக்கும். அவர்கள் யாரும் அந்தச் செயலியை இறக்கவில்லை. அவர்களுக்காக நாம் சரி சொல்ல முடியாது. ஏற்கெனவே அந்த நிறுவனத்துக்குப் போய்விட்ட எண்கள் அனுமதியை எடுப்பதால் திரும்பி வராது. பதிவேற்றிய தொடர்புகளை நீக்கும் வசதி செயலிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓர் இணையக் கருத்துக்கணிப்பில் கலந்துகொண்டால் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்கள். பெயர், போன் எண் எதுவும் கேட்கவில்லை. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீட்டு எண், உடல்நலம் பற்றிச் சில கேள்விகள், அவ்வளவுதான். இதில் என்ன ஆபத்து?

பதில்: நீங்கள் சொன்ன முதல் மூன்றும் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு பெயர் மாதிரிதான். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை, பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வுக்காகக் கொடுத்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது என்று நம்பினார்கள். லட்டான்யா ஸ்வீனி அப்போது எம்ஐடி பல்கலைக்கழக மாணவி. அந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின், பெயரும் பிறந்த தேதியும் உள்ள வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி, மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த தேதியே கொண்டவர்கள் அந்த ஊரில் 6 பேர், அதில் ஆண்கள் 3 பேர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவர் மட்டும். ஆளுநரின் மருத்துவ விவரம் கையில் வந்துவிட்டது. அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரங்களை வைத்தே தனித்துக் காட்ட முடியும் என்று 2000-ல் அவர் கணக்கிட்டார்.

2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனமும் இதே தவறைச் செய்தது. சுமார் ஆறரை லட்சம் பேர் தேடிய சொற்களை, பெயருக்குப் பதில் ஓர் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் தேடியிருந்த ஊர்ப்பெயரும் உறவினர்களின் குடும்பப்பெயரும் போதுமாக இருந்தன.

அதனால் வயது வரம்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதோடு நிறுத்துங்கள். முழுப் பிறந்த தேதி கட்டாயம் என்றால், உடல்நலக் கேள்விகளும் கூடவே இருந்தால், அந்தக் கூப்பன் வேண்டாம்.

கேள்வி: மறைமுகச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில் பொருள் தேடினால் யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: உங்கள் கணினியை அடுத்துப் பயன்படுத்துபவருக்குத் தெரியாது. நீங்கள் போன தளத்துக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் தெரியும். அலுவலக இணைப்பு என்றால் அலுவலகத்துக்கும் தெரியலாம்.

கேள்வி: கைவினைப் பொருட்களை இணையத்தில் விற்கிறேன். சுமார் 400 வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் போன் எண்ணும் என்னிடம் இருக்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்கும் தோழி அந்தப் பட்டியலைக் கேட்கிறாள். காசு வாங்கப் போவதில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் என்னிடம் கேட்கத் தோன்றியதே நல்ல மனசு. அந்த 400 பேரும் பார்சல் வந்து சேர்வதற்காக முகவரி தந்தவர்கள். நீங்கள் காசு வாங்கினீர்களா இல்லையா என்பது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது அவர்களுக்கு ஒன்றுதான். ஒரு முறை காப்பீடு பற்றி விசாரிக்க ஓர் இணையதளத்தில் என் எண்ணைக் கொடுத்தேன். மறுநாளே வேறு வேறு ஆட்கள் அழைக்க ஆரம்பித்தார்கள், ஒருவர் என் வயதையும் சொன்னார். வீட்டுக்குள் யாரோ வந்து போன மாதிரி இருந்தது.

ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை அதற்குப் பொருந்தாத இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகளின் அடிப்படைகளில் ஒன்று. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தோழிக்கு உதவ வேறு வழி இருக்கிறது. புது வரவுகளைப் பற்றிச் செய்தி அனுப்பச் சம்மதித்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும், அடுத்த செய்தியில் தோழியின் கடையைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். விருப்பம் உள்ளவர்கள் அவரிடம் தாங்களே போகட்டும்.

அப்புறம், கேட்காத ஒன்று. வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறீர்களா? பல சின்னக் கடைகள் இப்படிச் செய்கின்றன. அதில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும், அதாவது தோழி கேட்ட பட்டியல் ஏற்கெனவே வெளியே இருக்கிறது. ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறிவிட்டு, குழுவைக் கலைத்துவிடுங்கள்.