வாசகர் கேள்வி – பதில்: கோடையில் கடலோர முகாமுக்குச் செல்லும் பிள்ளைகள்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான். மே மாதத்தில் மண்டபம், பாம்பன், காரங்காடு ஆகிய இடங்களுக்கு ஏழு நாள் முகாம் அழைத்துச் செல்கிறார்கள். கடற்கரையில் கூடாரம், படகுப் பயணம், காலையில் ஊர்ப்பணி என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஒரு நாள்கூட வீட்டை விட்டுத் தனியே தங்கியறியாதவன். அவனை எப்படி ஆயத்தப்படுத்துவது? – வாசகி, மதுரை

பதில்: மூட்டையைக் கடைசி இரண்டு நாளில் கட்டிவிடலாம், உடம்பை அப்படி ஆயத்தப்படுத்த முடியாது. இராமநாதபுரம் கடற்கரையில் கத்திரி வெயில் நேரே தலையில் இறங்கும், மணலிலிருந்து மறுபடியும் முகத்தில் அடிக்கும். வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதால், தேர்வு முடிந்த கையோடு நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் முதுகில் பையுடன் நடக்கச் சொல்லி, சிறிது சிறிதாக நேரத்தையும் சுமையையும் கூட்டுங்கள். சில இரவுகள் மின்விசிறி இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுக்கட்டும். தன் தட்டைத் தானே கழுவவும் தன் துணியைத் தானே துவைக்கவும் இன்றே தொடங்கட்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்தனுப்பும்போது, 1 லிட்டருக்கான பொட்டலத்தை முழு 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். பாதியை ஒரு தம்ளரில் கலக்கிக் குடிக்கும் பிள்ளைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. இந்த வயதுப் பையன்கள் நண்பர்களுக்கு முன்னால் களைப்பை மறைப்பார்கள். தலை சுற்றினால், குமட்டினால், ‘எனக்கு முடியவில்லை’ என்று உடனே சொல்வதில் வெட்கமில்லை என்பதை நீங்களும் அவனுடைய அப்பாவும் வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். உடல் கொதித்து, பேச்சுக் குழறத் தொடங்கிய பிள்ளையை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடல் முழுவதும் நனைத்து விசிறியபடியே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை முகாமுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பையில் முழுக்கைப் பருத்திச் சட்டைகள், அகன்ற தொப்பி, இரண்டு தண்ணீர்க் குப்பிகள், கைவிளக்கு ஆகியவை போதும். காலணியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சீமைக் கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். ஆகவே அடி தடித்த காலணி ஒன்றும், தண்ணீரில் இறங்கப் பழைய காலணி ஒன்றும் தேவை. ஒவ்வாமையோ தொடர் மருந்தோ இருந்தால் எழுதிக் கையொப்பமிட்டு முகாம் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

படகுப் பயணத்தைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபம், பாம்பன் பகுதியில் இரண்டு கடல்கள் இருக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் இவற்றை வடகடல் என்றும் தென்கடல் என்றும் சொல்வார்கள். மே மாதக் கடைசியில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே எந்த நாளில் எந்தக் கடலில் இறங்குகிறார்கள் என்று கேளுங்கள். படகோட்டி ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொன்னால் பயணத்தை நிறுத்திவிடும் பொறுப்பாளர்களை நம்பித்தான் பிள்ளையை அனுப்பலாம்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. இதே போன்ற முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. முகாம் நாட்களில் மாதவிலக்கு வரக்கூடும் என்ற தயக்கமும் இருக்கிறது. போகலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் போகலாம், மகளே. காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் செல்ல நீச்சல் தேவையில்லை. உடலுக்குப் பொருந்திய லைஃப் ஜாக்கெட் கட்டாயம் தேவை. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைச் சிறிய உடலில் மாட்டினால் தண்ணீரில் அது மட்டும் மேலே எழும்பிவரும் என்பதால், வார்களை இறுக்கியபின் தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல். இடைப்பட்ட வாரங்களில் பயிற்சியாளர் உள்ள நீச்சல்குளத்தில் மல்லாந்து மிதக்க மட்டுமாவது கற்றுக்கொள். தனுஷ்கோடியின் கடைமுனையான அரிச்சல்முனை போன்ற இடங்களில் நீரோட்டம் கடுமையானது. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே இறங்கக் கூடாது. சொறி எனப்படும் இழுதுமீன் (ஜெல்லிமீன்) பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல் நீராலேயே கழுவ வேண்டும். திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்திருந்து, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாதவிலக்கைப் பற்றிப் பெண் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடு. கழிப்பறையும் தண்ணீரும் எங்கே இருக்கின்றன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள். பயன்படுத்தியவற்றை மணலில் புதைத்தால் நாய்கள் தோண்டிவிடும்; மூடிய பை ஒன்றில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அவர்களோடு அமர்ந்து பேச அனுமதி கேள். படம் எடுப்பதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: முப்பது மாணவர்களுடன் மே மாதத்தில் முகாம் நடத்துகிறோம். சேவைப்பணியாகக் கடற்கரை ஊர் ஒன்றில் ஐந்நூறு மரக்கன்றுகள் நட எண்ணியிருக்கிறோம். உங்கள் யோசனை என்ன? – ஆசிரியர், பரமக்குடி

பதில்: ஐயா, மே மாதத்தில் மரக்கன்று நட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் முகாமுக்குத் துணையாகச் சென்று நானும் கன்றுகள் நட்டேன். பிள்ளைகள் கிளம்பிய மறுநாளிலிருந்து அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை, குடிநீரையே குடம் குடமாகச் சேர்த்துவைக்கும் பெண்களின் தலையில் விழுந்தது. ஆடியில் அந்த வழியே போனபோது நட்டுவைத்த குச்சிகள்தாம் நின்றன. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

என்ன செய்யலாம் என்பதை ஊராரிடம் கேளுங்கள். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே நேரில் போய், ஊராட்சித் தலைவர், மீனவர் சங்கத்தார், மகளிர் குழுவினர் ஆகியோரோடு உட்கார்ந்து பேசுங்கள். என் அனுபவத்தில் அவர்கள் பெரும்பாலும் சொல்வது ஊருணியைத்தான். கோடையில் வற்றிக் கிடக்கும் ஊருணிக்கு மழைத்தண்ணீர் வந்துசேரும் வரத்துக்காலில் குப்பையும் சீமைக் கருவேலங் கன்றுகளும் அடைத்துக் கிடக்கும். காலை ஆறு முதல் எட்டரைவரை முப்பது பிள்ளைகள் ஊராரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தால், ஐந்து நாளில் ஐப்பசி மழைக்குக் கால்வாய் தயாராகிவிடும். குடிநீர் ஊருணிக்குள் செருப்புடன் இறங்குவதைப் பல ஊர்களில் பொறுக்கமாட்டார்கள் என்பதால், அதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மரம்தான் வைக்க வேண்டும் என்றால் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளுடன் திரும்பி வாருங்கள். மழையே அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

கடற்கரைத் துப்புரவும் நல்ல பணிதான். ஆனால் சேர்த்த குப்பையை யார், எந்த வண்டியில், எங்கே கொண்டுபோவார்கள் என்பதை ஊராட்சியோடு பேசி முடிவு செய்யாவிட்டால், சாக்குகள் கரையிலேயே கிழிந்து மறுபடியும் கடலுக்குப் போகும். மணலில் கிடக்கும் வலையெல்லாம் கைவிடப்பட்ட வலையல்ல. உலர்த்தப் போட்ட வலையைக் குப்பையென்று அறுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் தொழில் போய்விடும். ஊர்க்காரர் ஒருவர் காட்டிய வலையை மட்டுமே எடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் குறைந்த நாட்களில் நாம் விருந்தாளிகளாகப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். சமையலுக்கு வேண்டியதை அந்த ஊரிலேயே விலை கொடுத்து வாங்குங்கள். பதநீரும் நுங்கும் கிடைக்கும் பருவம் அது.

தீவுகளுக்குச் செல்வதாக இருந்தால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை என்பதால், வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதிலும் கால் வைக்கக் கூடாது.

கேள்வி: முகாமிலிருந்து என் மகள் பவளத்துண்டு கொண்டுவருவதாகச் சொல்கிறாள். எடுத்து வரலாமா? – வாசகர், சிவகங்கை

பதில்: கூடாது. பவளப்பாறைகளும் கடல் அட்டைகளும் கடல் குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டானாலும் தொடாமல் வருவதே சரி. கோடுபோடாத நோட்டுப் புத்தகம் ஒன்றும் இரண்டு பென்சில்களும் வாங்கிக் கொடுங்கள். பார்த்ததை அங்கேயே உட்கார்ந்து வரைந்துகொண்டு வரட்டும்.